படைத் தளபதி, பொறியாளர், துணைவேந்தர்: மோனாஷ் பற்றி வாசகர் கேள்விகள்

போர்க்களத்தில் படை நடத்தியவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் தலைமை வகித்தது உண்டா? (வாசகர், தேவகோட்டை)

உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றுச் சரணடைந்த ராபர்ட் லீ, அதே 1865இல் வர்ஜீனியாவின் வாஷிங்டன் கல்லூரிக்குத் தலைவரானார். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஐசனோவர் 1948இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போனார். ஆனால் காரைக்குடிப் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஆஸ்திரேலியாவின் ஜான் மோனாஷ். முதல் உலகப் போரில், 1918இல், பிரான்ஸில் ஆஸ்திரேலியப் படைப்பிரிவுகள் அனைத்துக்கும் தளபதி. 1923 முதல் 1931இல் இறக்கும்வரை மெல்போர்ன் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அடிப்படையில் அவர் பாலம் கட்டும் பொறியாளர்.

பொறியாளர் என்பதால் போரில் என்ன பயன்? (மாணவர், காரைக்குடி)

1918 ஜூலை 4, பிரான்ஸின் ஹாமெல் கிராமத்தை ஜெர்மானியரிடமிருந்து பிடித்த சண்டையைப் பாருங்கள். மோனாஷ் போட்ட கணக்கு 90 நிமிடம். முடிந்தது 93 நிமிடத்தில். கடைசி ஆலோசனைக் கூட்டத்தின் பட்டியலில் 133 விஷயங்கள். காலாட்படை, பீரங்கி, டாங்கி, விமானம் என ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் எதிரிலேயே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அதன்பின் திட்டத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர் விதி. கடைசி நேர மாற்றம் கடைநிலைச் சிப்பாய்வரை போய்ச் சேராது, பாதிப் பேர் பழைய உத்தரவுப்படி நடப்பார்கள் என்பதுதான் காரணம்.

சின்ன விஷயங்களில்தான் அவர் மூளை தெரியும். முந்தைய நாட்களில் விடியற்காலைக் குண்டுவீச்சில் புகையோடு விஷவாயுவையும் கலந்து அனுப்பினார்கள். ஜெர்மானியர் புகையைக் கண்டதும் முகமூடி மாட்டப் பழகிவிட்டார்கள். தாக்குதல் நாளில் வந்தது வெறும் புகை. எதிரி முகமூடிக்குள் திணற, இவர்கள் முகமூடி இல்லாமல் முன்னேறினார்கள். முள்கம்பியையும் வெடிபொருளையும் தோளில் சுமக்க 1,200 பேர் வேண்டியிருக்கும். நான்கு சரக்கு டாங்கிகள் அதைச் சுமந்தன. இயந்திரத் துப்பாக்கிக்கான குண்டுகளை விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கினார்கள்.

அவர் கட்டிய பாலம் ஒன்று இடிந்ததாமே? (கட்டட மேஸ்திரி, கானாடுகாத்தான்)

உண்மைதான். இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டை ஆஸ்திரேலியாவில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். 1901இல் பெண்டிகோ ஊரில் அவர் நிறுவனம் கட்டிய வளைவுப் பாலம் சுமைச் சோதனையின்போதே இடிந்து ஒருவர் இறந்தார். அது ஓடையை நேராக அல்ல, சாய்வாகக் கடந்த பாலம். சாய்வு வளைவில் சுமை இருபுறமும் சமமாக இறங்காது; விரிகோண மூலைகளில் போய்க் குவியும். அன்றைய கணக்கு முறைக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. சொந்தச் செலவில் திரும்பக் கட்டிக் கொடுத்து, கடனில் மூழ்கினார்கள். சுண்ணாம்பும் தேக்கும் அறிந்த உங்கள் கைக்கு இது புரியும்: சாய்ந்த இடத்தில் கம்பிக் கணக்கைத் தனியாகப் போட்டாக வேண்டும்.

துணைவேந்தராக என்ன சாதித்தார்? சம்பளம் எவ்வளவு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளத்தூர்)

சம்பளமே கிடையாது. மெல்போர்னில் அப்போது அது கௌரவப் பதவி. சம்பளம் வாங்கும் முதல் துணைவேந்தர் வந்தது 1935இல். இன்றைய அழகப்பா பல்கலைக்கழகத்தின் முழுநேரத் துணைவேந்தரை மனத்தில் வைத்து அவரை அளக்காதீர்கள். பிழைப்புக்கு அவர் பார்த்த வேலை விக்டோரியா மாநில மின்வாரியத் தலைமை. யல்லோர்னில் பழுப்பு நிலக்கரி வெட்டி, அங்கேயே மின்சாரம் எடுத்து மெல்போர்னுக்கு அனுப்பும் திட்டம் அது. நம் நெய்வேலிக்கு முப்பது ஆண்டு மூத்தது. அந்தக் கரியில் பாதிக்கு மேல் தண்ணீர். கொதிகலனின் வெப்பம் கரியை உலர்த்தவே செலவாகி, எதிர்பார்த்த மின்சாரம் வராமல் தொடக்கத்தில் பெரும் அவதிப்பட்டார்கள்.

கல்விக்கு அவர் செய்ததில் என் கணக்கில் பெரியது, பதவிக்கு வரும் முன்பே நடந்தது. போர் முடிந்ததும் சுமார் 1,60,000 வீரர்களை எட்டு மாதத்தில் ஊருக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையது. முதலில் சேர்ந்தவர் முதலில் கப்பலேறினார். காத்திருந்தவர்களைச் சும்மா உட்காரவிடாமல், சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து பிரிட்டனில் படிக்கவும் தொழில் பழகவும் அனுப்பினார்கள். மோனாஷ் அதற்கு முழு ஆதரவு தந்தார்.

பேராசிரியர்களுக்கு உத்தரவு போட முடியாது. கொலம்பியாவில் ஐசனோவர் இடறியதும் இங்கேதான்: இராணுவப் பாணியில் உதவியாளர்களை நடுவில் நிறுத்தினார், தங்களால் அவரைச் சந்திக்கவே முடியவில்லை என்று துறைத் தலைவர்கள் குறைப்பட்டார்கள். மோனாஷ் 1912 முதலே பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருந்தவர். அந்த வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியும்.

முதலாண்டில் அவரே தோற்றவராமே? மகனிடம் சொல்லலாமா? (வாசகி, கோட்டையூர்)

தாராளமாகச் சொல்லுங்கள், முழுதாகவும் சொல்லுங்கள். பள்ளியில் முதல் மாணவர்களில் ஒருவர். கல்லூரிக்குப் போனதும் பாடத்தை விட்டுவிட்டு நாடகம், நூலகம் என்று திரிந்து முதலாண்டில் தோற்றார். பிறகு ரயில் பாதை வேலை பார்த்துக்கொண்டே கலை, பொறியியல், சட்டம் மூன்றிலும் பட்டம் வாங்கினார். 1958இல் மெல்போர்னில் சட்டம் இயற்றி நிறுவிய இரண்டாவது பல்கலைக்கழகத்துக்கு மோனாஷ் என்றே பெயர்.