எந்தக் கிளையில் தொடங்கினாலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் தறி இருக்கிறது. நான் எட்டாவது வரைதான் படித்தேன். மகள் ஆறாவது படிக்கிறாள். கணக்குத் தேர்வில், எண்ணைக் கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போகும் காரணிச்செடி போட்டு 360-இன் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். இவள் 36 × 10 என்று பிரித்து ஆரம்பித்திருக்கிறாள். விடை சரியாக வந்தும், 2-இல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மதிப்பெண் தரவில்லை. “விடை ஒண்ணுதானேம்மா, அப்புறம் எப்படித் தப்பாகும்?” என்று அழுகிறாள். எப்படிப் பிரித்தாலும் கடைசியில் அதே எண்கள்தான் வருமா, இல்லை இவளுக்குத் தற்செயலாக வந்ததா? 1-ஐ ஏன் எழுதக் கூடாது என்றும் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு தாய், சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் போட்டது சரி. முழு மதிப்பெண்ணுக்கு உரிய விடை அது. இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள், மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் ஏன் 2-இல் தொடங்கச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. சிறிய பகா எண்ணில் (2, 3, 5 போல, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்) தொடங்கி வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் எதுவும் விட்டுப்போகாது. 360, 180, 90, 45, 15, 5 என்று ஒழுங்காக இறங்கலாம். வகுத்தல் முறைக்கு அது நல்ல பழக்கம். ஆனால் அது வசதிக்காக வைத்துக்கொண்ட ஒழுங்குதான், கணக்கின் விதி இல்லை. காரணிச்செடியின் அழகே எந்தக் கிளையிலிருந்தும் தொடங்கலாம் என்பதில் இருக்கிறது. உங்கள் மகள் 36-ஐ 6 × 6 என்றும், 10-ஐ 2 × 5 என்றும் பிரித்திருப்பாள். இரண்டு 6-களையும் உடைத்தால் 2, 3, 2, 3. ஆக, இனிப் பிரிக்க முடியாத நுனிகளான இலைகள் 2, 2, 2, 3, 3, 5. இன்னொரு பிள்ளை 40 × 9 என்று ஆரம்பித்தாலும் இதே ஆறு இலைகள்தான். செடியின் உருவம் மாறும், ஆனால் எத்தனை முறை பிரித்தோம் என்று எண்ணிப் பார்த்தால் எல்லாச் செடியிலும் ஐந்து முறைதான் இருக்கும். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

இது தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த கேள்வி அதுதான். நான் இருக்கும் ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரலாம், குப்பனூர் வழியாகவும் வரலாம். எப்படி வந்தாலும் ஏற்காடுதான் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பதிலாகாது. இரண்டு சாலையும் இங்கே வந்து சேர வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். செடிகள் எல்லாம் ஒரே இலைகளில் முடிய வேண்டும் என்று யார் ஏற்பாடு செய்தது?

அதற்குக் காரணம் பகா எண்களின் ஒரு குணம். இரண்டு எண்களைப் பெருக்கி வந்த எண்ணை ஒரு பகா எண் மீதியில்லாமல் வகுத்தால், பெருக்கிய இரண்டில் ஒன்றையாவது அது வகுத்தே தீரும். பகு எண்களுக்கு இந்தக் குணம் இல்லை. 4 × 9 = 36. அந்த 36-ஐ 6 வகுக்கிறது, ஆனால் 4-ஐயும் வகுக்காது, 9-ஐயும் வகுக்காது. பாதி இங்கே, பாதி அங்கே என்று அது பிரிந்து கிடக்கிறது. பகா எண் அப்படிப் பிரிந்து ஒளிய முடியாது.

இப்போது 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 360-ஐ வகுக்கிறது. 360-ஐ எப்படி இரண்டாகப் பிரித்தாலும் ஒரு பக்கத்தை 5 வகுக்கும். அந்தக் கிளையிலேயே இறங்குங்கள். அடுத்த பிரிவிலும் அப்படியே. கடைசியில் ஓர் இலையில் வந்து நிற்கும். அந்த இலை பகா எண், அதை 5 வகுக்கிறது, அப்படியென்றால் அது 5-ஆகத்தான் இருக்க முடியும். ஆக எல்லாச் செடியிலும் 5 உண்டு. 2 எத்தனை தடவை வரும்? இரண்டு செடிகளிலிருந்தும் ஒரு 2-ஐக் கிள்ளி எடுத்துவிடுங்கள். மீதி இலைகளைப் பெருக்கினால் இரண்டிலும் 180. அதே வாதத்தை 180-க்குச் சொல்லுங்கள், அப்புறம் 90-க்கு. இலைகள் தீரும்வரை இரண்டு செடிகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்திக்கொண்டே வரும். பகா எண்களின் இந்தக் குணத்தைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் நூலின் ஏழாம் புத்தகத்தில், கி.மு. 300 வாக்கில் நிறுவினார். பகாக் காரணிகள் ஒரே விதமாகத்தான் அமையும் என்பதை முழுத் தேற்றமாக ஜெர்மன் கணித அறிஞர் காஸ் 1801-இல் எழுதினார். உங்கள் மகள் கேட்டது அந்தத் தேற்றத்தின் கேள்வி. அதற்கு மதிப்பெண் குறைத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1 பற்றி: 360 = 1 × 360 என்று ஒரு கிளை விட்டால், மறுபடியும் 1 × 360, மறுபடியும் என்று செடி முடியவே முடியாது. இலைக் கணக்கும் ஒன்றாக வராது. அதனால்தான் 1-ஐப் பகா எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை.

அவள் கையில் வந்த 360-உம் சாதாரண எண் இல்லை. இலைகளில் சிலவற்றை எடுத்துப் பெருக்கினால் ஒரு காரணி கிடைக்கும். மூன்று 2-களில் எதுவும் எடுக்காமலோ, ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்க 4 வழி. அதேபோல 3-களுக்கு 3 வழி, 5-க்கு 2 வழி. 4 × 3 × 2 = 24. ஆக 360-க்கு 24 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார் இராமானுஜன். பிறந்தது ஈரோட்டில், நம்ம பக்கம்தான். இலைகளை எண்ணும் இந்த வேலையில்தான் அந்த ஆராய்ச்சி தொடங்குகிறது.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே பக்கத்தில் இரண்டு செடிகளை, 2 × 180 ஒன்றும் 36 × 10 ஒன்றும், பக்கத்தில் பக்கத்தில் அவளையே வரையச் சொல்லி, நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். பார்த்தால் புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன்.

அவளுக்கு ஒரு கணக்கும் தருகிறேன். சேலத்தின் தொலைபேசிக் குறியீடு 0427. 427-ஐப் பார்த்தால் பகா எண் போலத் தெரியும், ஆனால் 7 × 61. அந்த 61 பகா எண்தானா என்று அறிய 2, 3, 5, 7 வரை வகுத்துப் பார்த்தால் போதும். 8 × 8 = 64, அது 61-ஐத் தாண்டிவிடுகிறது. 61-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடிந்தால் ஒன்றாவது 8-க்குக் கீழே இருந்தாக வேண்டும். எங்கள் ஏற்காட்டுக் குறியீடு 04281. அது 3 × 1427. இந்த 1427-க்கு மேலே கிளை உண்டா, இல்லை அதுவே இலையா? 38 × 38 = 1444, அதனால் 37 வரைக்கும் உள்ள பகா எண்கள் போதும். பொறுமையாகப் போட்டுப் பார்த்து, என்ன வந்தது என்று அவள் கையாலேயே எழுதி அனுப்பட்டும்.

அன்புடன்,
ஏற்காடு