பெருநகரில் தனியாக இருப்பவருக்கு நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள்?

வேலைக்காகச் சென்னைக்கு வந்து ஓராண்டு ஆகிறது, அலுவலகத்துக்கு வெளியே யாரையும் தெரியாது, படம் வரையவும் ஊர் சுற்றவும் ஆசை இருந்தும் துணை இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தென்காசிப் பக்கமிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்கு வந்தவன் என்பதால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது. என் அனுபவத்தில், நண்பர்களைத் தேடி அலைவதைவிட, பலர் சேர்ந்து செய்கிற ஏதேனும் ஒரு வேலையில் வாரந்தவறாமல் போய் உட்கார்ந்துகொள்வதுதான் பலன் தருகிறது. எனக்கு அந்த வேலை, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நகரத்தின் ஓர் இடத்தில் கூடி, கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து வரைவது.

இந்தப் பழக்கத்துக்கு உலகளாவிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பத்திரிகையாளராகவும் ஓவியராகவும் இருந்த கேப்ரியேல் கம்பனாரியோ 2007-இல் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்ற அமைப்பு இன்று பல நாடுகளின் நகரங்களில் கிளைத்திருக்கிறது. புகைப்படத்தைப் பார்த்து வரையாமல் இருக்கும் இடத்திலேயே நேரில் பார்த்து வரைய வேண்டும், ஒருவருக்கொருவர் துணையாக இருந்து சேர்ந்து வரைய வேண்டும் என்பவை அதன் அடிப்படை நெறிகள். எங்கள் குழு அதன் கிளை அன்று. ஆனாலும் இந்த இரண்டு நெறிகளையும் நாங்கள் விடாமல் பின்பற்றுகிறோம். கட்டணம் கிடையாது, தலைவர் கிடையாது. வரைந்து முடித்ததும் எல்லோருடைய ஸ்கெட்ச் புத்தகங்களையும் தரையில் வரிசையாக விரித்து வைப்போம். புதிதாக வந்தவரின் பக்கமும் தேர்ந்த கையின் பக்கமும் அருகருகே கிடக்கும். எது யாருடையது என்று கேட்பதில்தான் பெரும்பாலான அறிமுகங்கள் தொடங்குகின்றன.

நட்பு உருவாகும் விதத்தை மிக அருகிலிருந்து நான் பார்த்தது வண்ணம் காயும் நேரத்தில். நீர்வண்ணத்தில் முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். கத்திரி வெயிலில் தாளில் தொட்டதுமே காய்ந்துவிடுகிற அதே வண்ணம், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். அதுவரை செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசியே ஆக வேண்டும். தபால் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மயிலைக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, "முதல்ல மொத்த வடிவத்தைப் பிடிங்க தம்பி, அப்புறம் நிழல் எங்கே விழுதுன்னு பாருங்க, பொம்மைகள் தானா வந்துடும்" என்று கற்றுத்தந்தது அப்படியொரு இடைவேளையில்தான். அலுவலகத்தில் என்னோடு இருப்பவர்கள் அனைவரும் ஏறக்குறைய என் வயதினர், என் தொழிலினர். இங்கே கல்லூரி மாணவியும் தையல்கடைக்காரரும் பேரன் பேத்தி எடுத்தவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரைந்துகொண்டிருப்பவரிடம் ஊரும் தானாக வந்து பேசும். மாட வீதியில் பூ விற்கும் அம்மா ஒருவர் வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "கோயிலைப் போட்டிருக்கே, வண்டியைப் போட்டிருக்கே, என் குடை எங்கேப்பா?" என்று கேட்டார். குடையையும் வரைந்து காட்டிய பிறகுதான் விட்டார். எங்கள் குழுவில் உள்ள பெண்கள் சொல்வது இதைவிட முக்கியமானது: நடைபாதையில் ஒரு பெண் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் காரணம் கேட்கவும் முறைக்கவும் பலர் வருவார்கள், பத்துப் பேரோடு உட்கார்ந்தால் அந்த இடம் அவளுக்கும் உரியதாகிறது. கூட்டமாக வரைவதன் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது அதைக் கேட்ட பிறகுதான்.

பயணமும் இதிலிருந்தே கிளைத்தது. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டுக்குப் போகலாம். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த ஊர் அது. அங்குள்ள அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுபவருக்கு அவை ஒரு வேடிக்கை; விலா எலும்புகளை ஒவ்வொரு கோடாக வரைகிறவருக்கு, கடல் கடந்து வந்து இங்கேயே இறந்தவர்களின் கல்வெட்டுகளைப் படித்துப் பார்க்கும் பொறுமையும் வருகிறது. ஒரு நாளில் ஐந்து இடங்கள் பார்க்கும் சுற்றுலாவை நான் விட்டுவிட்டேன். அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

கலைஞர்கள் கூடி வாழ்வது சென்னைக்குப் புதிதன்று. எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. ஓவியம் விற்காத காலத்திலும் வயிறு நிறைய வேண்டும் என்பதற்காக அங்கிருந்தவர்கள் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். திறமை இருந்தும் இடையில் கைவிட்டவர்களை நான் பார்த்திருப்பதால், பக்கத்து வீட்டிலும் ஒருவர் வரைந்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நம்புகிறேன்.

பலன் படத்தோடு நிற்பதில்லை. திருமணமாகாதவர்களுக்கு வீடு கொடுக்கச் சென்னையில் தயங்குவார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் வீடு தேடியபோது ஓர் உரிமையாளர், "இந்த ஊர்ல உங்களுக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டார். மேலே சொன்ன தபால் துறைப் பெரியவர் நேரில் வந்து, "நம்ம பையன்தான்" என்று பேசிய பிறகே சாவி கைக்கு வந்தது.

நீங்கள் தொடங்குவதற்கு மார்கழியைப் பரிந்துரைப்பேன். வெயில் தாழ்ந்திருக்கும், விடியற்காலையிலேயே மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலமும் பஜனையும் இருக்கும், வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் வரைபவர்களுக்கும் அந்த வீதிகள் பழகியவை. விலையுயர்ந்த தூரிகை இப்போது வேண்டாம். நீர் பட்டால் கரையாத மையுள்ள பேனா ஒன்றும், தடித்த தாளுள்ள சிறிய புத்தகம் ஒன்றும் போதும். ஆனால் ஒரு முறை போய்விட்டு யாரும் பழகவில்லை என்று நின்றுவிடாதீர்கள். அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்கு, அதே ஆட்களோடு போய் உட்காருங்கள்.