கட்டுமரம் வேறு, கேட்டமரான் வேறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இன்று இரட்டையுடல் படகைக் குறிக்கும் 'கேட்டமரான்' (catamaran) என்ற ஆங்கிலச் சொல், தமிழின் 'கட்டுமரம்' என்பதிலிருந்து போனது என்று பள்ளியில் படித்தோம். எழுத்துச் சான்று எந்தக் காலத்திலிருந்து கிடைக்கிறது?

16ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கிறது. முதலில் எழுதியவர் ஆங்கிலேயர் அல்லர், காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகை வணிகர். 1583ஐ ஒட்டிய தம் பயணக் குறிப்பில் கட்டுமரத்தைக் 'கத்தமெரோனி' என்கிறார். ஏழு உருட்டு மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஐந்து அடியில் கிடக்கும். நடுவில் இருப்பது மற்றவற்றைவிட நீண்டு அலையைக் கிழிக்கும். பின்னால் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஒன்றின்மேல் ஆள் உட்கார்ந்திருப்பார். பார்த்ததை எண்ணி எழுதியவர் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஆங்கிலத்தில் ஜான் ஃபிரையர் என்ற பயணி 1673இல் கண்டதை எழுதினார், அச்சில் வந்தது 1698இல். கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூல் 1697இல் வந்தது. ஃபிரையர் நடுவில் பாய் இருந்தது என்கிறார். டாம்பியரோ ஒன்றிரண்டு மரம்தான், பாயும் கிடையாது சுக்கானும் கிடையாது, ஓட்டுபவரின் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்கிறார். இரண்டையும் வைத்துக் குழம்ப வேண்டாம். கரையோரத்துச் சின்ன மரமும் பாய் விரித்து ஆழத்துக்குப் போகும் பெரிய மரமும் ஒரே கடற்கரையில் இருந்தவைதான்.

கட்டுமரம் என்றால் இரண்டு படகுகளை இணைத்துக் கட்டியது என்று இணையத்தில் படம் போடுகிறார்கள். சரியா?

சரியில்லை. இந்தத் தவறு பரவியதால் நம் கடற்கரையின் ஓர் அருமையான கருவியைப் பற்றிய அறிவே மங்கிக்கொண்டு போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கட்டுமரத்துக்கு 'உள்' கிடையாது. குடைந்த வயிறோ பலகைப் பக்கங்களோ இல்லை. முழு மரங்களைச் சீவி, முன்முனையை மேல்நோக்கி வளைவாகச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கியது. பொதுவாக மூன்று முதல் ஐந்து மரம். நாகப்பட்டினம் பக்கம் கோலா மீனுக்குப் போன பெரிய மரத்தில் ஏழு. நடுமரம் தாழ்ந்தும் ஓரமரங்கள் சற்று உயர்ந்தும் இருப்பதால் மேல்பக்கம் ஆழமில்லாத தொட்டி மாதிரி அமையும். ஆளும் வலையும் அதில்தான்.

மிதப்பது காற்றடைத்த வயிற்றால் அல்ல, மரத்தின் லேசான தன்மையால். ஆகவே அலை மேலே விழுந்தால் இடுக்குகள் வழியாக வடிந்துவிடும். இறைக்க வேண்டிய வேலையே இல்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இதற்கு ஆணி அடித்தால் கெட்டது. அலை அடிக்கிற கரையில் விறைப்பான இணைப்புதான் முதலில் உடையும். கயிற்றுக் கட்டு ஒவ்வொரு மரமும் நூலளவு அசைய இடம் கொடுக்கிறது, அடி அங்கேயே தணிந்துவிடுகிறது.

குறையும் இந்த மரத்தில்தான் இருக்கிறது. லேசான மரம் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் கனக்கும், கனத்தால் அமிழும். அதற்காகத்தான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தோளில் தூக்கிப் போய் மணலில் காயப் போடுவார்கள். 'கட்டு' என்பது தினமும் கட்டி அவிழ்க்கிற கட்டு. மீனவர்கள் பெரும்பாலும் 'மரம்' என்றே சொல்வார்கள்.

அப்படியானால் இரட்டைப் படகுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

ஆங்கில மாலுமிகள் முதலில் பொருளை நீட்டினார்கள். சென்னைக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும், கடிதத்தை நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர் அலையைத் தாண்டிப் போவார். இதைப் பார்த்துப் பழகியவர்கள், எந்தத் தெப்பத்தையும் எந்த மிதவையையும் கேட்டமரான் என்றார்கள். கப்பல் பழுதுபார்க்கும் துறைகளில் கப்பலுக்கும் கரைச்சுவருக்கும் நடுவே மிதக்கவிடும் தெப்பத்துக்கு அந்தப் பெயர் இன்னமும் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பனியில் விறகு இழுக்கும் சறுக்குவண்டிகூடக் கேட்டமரான்தான்! 'பக்கத்தில் பக்கமாக இணைத்தது' என்ற எண்ணம் மட்டும் நின்று, மரம் கழன்றுபோனது.

அந்தப் பெயர் இரட்டைப் படகில் நிலைத்த திருப்பம் 1876இல். அமெரிக்கர் நத்தானியல் ஹெரெஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டையுடல் பாய்ப்படகை அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி நியூயார்க்கில் நடந்த பாய்ப்படகுப் போட்டியில் இறக்கி எல்லாவற்றையும் முந்தினார். மற்றவர்கள் முறையிட, பரிசு மறுக்கப்பட்டது. 1877 ஏப்ரலில் காப்புரிமை பெற்றார். இரண்டு உடல்களும் தனித்தனியே அலையில் ஏறி இறங்கும்படி பந்துக்கிண்ண மூட்டுகளால் இணைத்திருந்தார். விறைப்பாகப் பூட்டினால் உடையும் என்ற அதே சிக்கலுக்கு அவர் கண்ட வழி அது.

வடிவத்தின் முன்னோர் யார் என்றால், பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிகள். ஐரோப்பாவிலும் வில்லியம் பெட்டி என்ற ஆங்கில அறிஞர் 1660களிலேயே இரட்டையுடல் கப்பல் கட்டிப் பார்த்தார். ஆக, பெயர் தமிழ், வடிவம் வேறு.

பழைய ஆங்கில நாவலில் ஒரு கிழவியை 'கேட்டமரான்' என்று திட்டுகிறார்கள். அச்சுப் பிழையா?

பிழையில்லை. 1811இல் வந்த லண்டன் கொச்சைமொழி அகராதி 'எலும்பும் தோலுமான கிழவி' என்று பொருள் தந்து, கப்பல் உடைந்தவர்களைக் காப்பாற்றக் கட்டும் தெப்பத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறது. பிறகு 'சண்டைக்காரி' என்ற பொருளே ஓங்கியது. சொல்லின் தலையில் 'கேட்', அதாவது பூனை, இருப்பதுதான் அந்தச் சீறலைக் கொண்டுவந்தது என்று எனக்குப் படுகிறது. இன்று இந்தப் பொருள் வழக்கில் இல்லை.

நெப்போலியன் போரில் கேட்டமரான் வெடித்தது என்று வாசித்தேன். படகு எப்படி வெடிக்கும்?

அது வெடிமருந்துப் பெட்டி. 1804 அக்டோபரில் ஆங்கிலேயர் பிரான்சின் பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுப் படகுகள்மேல் ஏவியது. யோசனை ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. சுமார் 21 அடி நீளம், உள்ளே கடிகாரப் பொறி, நீர்மட்டத்தோடு மட்டமாக மிதக்கும். கூடப் போகிறவர் இரண்டு இணைமரங்களுக்கு நடுவே ஏறக்குறைய நீரில் அமிழ்ந்து உட்கார்ந்திருப்பார். பெயர் வந்த வழியும் அதுவாகவே இருக்கலாம். எதிரிக்குப் பெரிய சேதம் இல்லை.

சோழர் படை கேட்டமரானில் கடாரம் போனதா?

சான்று இல்லை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்கிறது. கலம் என்றால் கப்பல். நனையாத இடமே இல்லாத மரத்தில் படையையும் உணவையும் ஏற்ற முடியாது. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், நம் கீழைக்கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்ற பெரிய கலங்களைச் சொல்கிறது. அது கட்டுமரம்தான் என்று அடித்துச் சொல்ல அந்த ஒரு வரி போதாது.

ட்ரைமரான், கேட்போட் இரண்டும் இதே குடும்பமா?

ட்ரைமரான் ஆம்: மூன்று உடல், 'மரான்' மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியது. கேட்போட் ஒற்றையுடல், ஒற்றைப் பாய்மரப் படகு, இதோடு உறவில்லை. 'ஹோபி கேட்' என்ற சிறிய இரட்டையுடல் பாய்ப்படகின் பெயரில் உள்ள 'கேட்' மட்டும் கேட்டமரானின் சுருக்கம்.

மொழிபெயர்ப்பாளர் நான். 'கேட்டமரான்' வந்தால் 'கட்டுமரம்' என்று போடலாமா?

முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு இடத்தை. 1870களுக்கு முந்தைய சோழமண்டலக் கடற்கரைக் குறிப்பு என்றால் தயங்காமல் கட்டுமரம். வேறு கடற்கரை என்றால் பெரும்பாலும் தெப்பம் அல்லது மிதவை. 1804ஐ ஒட்டிய போர்ச் செய்தியில் மிதவை வெடி. பாய்ப்படகுப் போட்டி, விரைவுப் பயணியர் கப்பல் என்று வந்தால் 'இரட்டையுடல் படகு', 'இரட்டையுடல் கப்பல்'. 1990இல் அட்லாண்டிக்கை விரைவாகக் கடந்து ஹேல்ஸ் கோப்பை வென்ற அலுமினியக் கப்பலைக் 'கட்டுமரம்' என்று எழுதினால் வாசகர் மனதில் மூன்று மரக்கட்டைகள்தான் தோன்றும். எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு: இன்றைய மீன்வளத்துறை ஆங்கில அறிக்கைகளில் 'எஃப்ஆர்பி கேட்டமரான்' என்றிருந்தால் அது இரட்டையுடல் அல்ல, கண்ணாடியிழையில் செய்த கட்டுமரம். அங்கே 'ஃபைபர் கட்டுமரம்' என்றே எழுதுங்கள். கடற்கரையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.