அமெரிக்காவில் கொரிய முதியவர்கள்: நட்பும் மனநலமும், கேள்வி பதில்

கேள்வி (நியூ ஜெர்சி): பக்கத்து வீட்டுக் கொரியப் பாட்டிக்கு ஆங்கிலம் வராது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

பதில்: "தனிமையாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றால் பிள்ளைகளைக் குறை சொன்னதாகிவிடும். அதனால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும். "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். நம் வீடுகளைப் போல அங்கும் அதுதான் நலம் விசாரிப்பு. பெயர் சொல்லி மட்டும் அழைக்காதீர்கள், 'ஹல்மோனி' (பாட்டி) போதும்.

பெரும்பாலும் தடையாக இருப்பது போக்குவரத்துதான். கொரியர்கள் செறிந்த ஊர்களில் முதியோர் பகல்நேர மையங்கள் உண்டு: வேன் வீட்டுக்கே வரும், மதியம் கொரியச் சாப்பாடு. தகுதி இருந்தால், குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு செலவை ஏற்கும்.

கேள்வி (லாஸ் ஏஞ்சலஸ்): அம்மையார் ஒருவரை மையத்தில் சேர்த்தோம். இரண்டே நாளில் நின்றுவிட்டார். ஏன்?

பதில்: எந்த மேசையில் உட்கார வைத்தீர்கள் என்று பாருங்கள். 68 வயதுக்காரரை எண்பது வயதுக்காரர்களோடு விட்டால், அவர்தான் தண்ணீர் ஊற்றி, தட்டு எடுக்க வேண்டும். கொரியர்களிடம் ஓரிரு வயது வித்தியாசம்கூடப் பேச்சு நடையை மாற்றிவிடும். பிறந்த ஆண்டு, சொந்த ஊர், படித்த பள்ளி மூன்றையும் முன்கூட்டியே கேட்டு, ஒன்றாவது பொருந்துகிறவர் பக்கத்தில் இடம் கொடுங்கள். முதல் சில வாரம் மேசையை மாற்றாதீர்கள்.

நட்புக்குத் தேவாலயத்தை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. சபை இரண்டாக உடைந்தால் நட்பு வட்டமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். வெளியே இன்னொரு வட்டம் வேண்டும்: தோட்டம், பாட்டு வகுப்பு, எதுவானாலும்.

கேள்வி (அட்லாண்டா, செவிலியர்): "நெஞ்சு அடைக்கிறது, உள்ளே கொதிக்கிறது" என்கிறார் ஒரு கொரியப் பாட்டி. இசிஜி சரியாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒரு இசிஜி போதாது, இதய மருத்துவர் பார்த்து முடிக்கட்டும். அதன்பின் ஹ்வாபியோங்கை, அதாவது கொரியர்கள் சொல்லும் 'கோப நோயை' நினையுங்கள். ஆண்டுக்கணக்கில் விழுங்கிய கோபம் நெஞ்சடைப்பு, உடல் சூடு, தொண்டையில் கட்டி, பெருமூச்சு, தூக்கமின்மை என்று வெளிவரும். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-4 இதைப் பண்பாடு சார்ந்த நோய்களில் சேர்த்தது. மனச்சோர்வும் கூடவே இருக்கலாம். ஆம்/இல்லை வகையில் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் கொரிய மொழியிலும் உண்டு. மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கோபமே மருமகன் மேல் என்றால் அது எப்படி வெளிவரும்? நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

"சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்" என்பதை வழக்கமான பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழைத்து 'கொரியன்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

கேள்வி (குவீன்ஸ்): மனைவியை இழந்த தாத்தா எந்த மையத்துக்கும் வரமாட்டேன் என்கிறார்.

பதில்: மையம் என்றாலே உதவி வாங்கும் இடம் என்ற கூச்சம் பலருக்கு. 2014இல் குவீன்ஸின் ஃப்ளஷிங் பகுதியில் கொரிய முதியவர்கள் மெக்டொனால்ட்ஸில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, கடைக்காரர்கள் போலீஸை அழைக்கும் வரை போனது. முதியோர் மையங்கள் அருகில் இருந்தும் அவர்கள் தேடியது காசு கொடுத்து காபி வாங்கி உட்காரும் கௌரவம். அவரிடம் வேலை கொடுத்துப் பாருங்கள்: ஜாங்கி (கொரியச் சதுரங்கம்) ஆட்டத்துக்கு நடுவர், புதியவர்களுக்கு காக்காவோ டாக் என்ற செய்திச் செயலியைச் சொல்லித் தருவது. ஹ்வாத்து என்ற கொரியச் சீட்டாட்டத்தில் சில்லறை வைத்து ஆடினால் பதறாதீர்கள், உச்சவரம்பை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.