தினம் 20 ஆங்கிலச் சொல் படித்தும் வாயில் வராதது ஏன்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். வெளிமாநில வியாபாரிகளிடம் கெத்தாகப் பேச, தினம் 20 கடினமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். பேசும்போது ஒன்றுகூட வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். சொல்லைப் பார்த்து அர்த்தம் சொல்வது வேறு, பேச்சுக்கு நடுவில் அந்தச் சொல்லை எடுத்துப் போடுவது வேறு. நீங்கள் பழகியது முதலாவதை மட்டுமே.

நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் எழுதுங்கள். வலப்பக்கத்தை மூடிவிட்டு, ஆங்கிலச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 15ஆம் நாள் என்று திருப்புங்கள். வராத சொல் மறுபடி முதல் நாளிலிருந்து. படித்ததில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே மளமளவென்று மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டிவிட்டார். ஒரே ராத்திரி 20 சொல் உருப்போடுவது அதனால்தான் வீண்.

எழுத்துக் கூட்டி உச்சரித்தால் மாட்டிக்கொள்வீர்கள். epitome என்பது 'எபிடோம்' இல்லை, எபிட்டமி. subtle என்பது 'சப்டில்' இல்லை, சட்டில். அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்காமல் எந்தச் சொல்லையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

எந்தச் சொற்களைப் படிப்பது? உங்கள் சரக்கைப் பற்றியவற்றை. கொலுசு கறுக்காது என்பதற்கு 'ரஸ்ட் ஆகாது' என்றால், விவரம் தெரிந்தவர் சிரிப்பார், துரு இரும்புக்குத்தான். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி கறுப்பதற்கு 'டார்னிஷ்' என்று பெயர். கொக்கி 'கிளாஸ்ப்'. பற்றவைப்பு 'சோல்டர்'. 'ஸ்டெர்லிங்' என்பது 92.5 சதவீத வெள்ளிக்கு மட்டும். 80 டச் (80 சதவீத வெள்ளி) கொலுசைக் கெத்துக்காக ஸ்டெர்லிங் என்று சொல்லிவிட்டால் அது பேச்சுப் பிழையோடு நிற்காது, வியாபாரத் தகராறில் முடியும்.

வெறும் பகட்டுச் சொற்களை விட்டுவிடுங்கள். 'யூஸ்' போதும், 'யுடிலைஸ்' எதற்கு? தேவையில்லாமல் நீளச் சொற்களைத் திணித்த எழுத்தைப் படித்தவர்கள், எழுதியவரின் அறிவைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள் என்று உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் 2006இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. (கட்டுரையின் தலைப்பையே வேண்டுமென்று வாயில் நுழையாதபடி வைத்தார், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை அந்த ஆண்டே வாங்கினார்.) ஆய்வு எழுத்தைப் பற்றியதுதான். ஆனால் கடையில் நிலைமை இன்னும் மோசம்: எதிரில் நிற்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. புரியாவிட்டால் கேட்க மாட்டார், தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பேசும்போது சொல் வரவில்லையா? முழித்துக்கொண்டு நிற்காமல் கொக்கியைத் தொட்டுக் காட்டி, 'திஸ் ஹுக்' என்று சொல்லி மேலே போங்கள். ஆள் போனதும் அந்தச் சொல்லை நோட்டில் குறித்துவிடுங்கள். அடுத்த வாரத்து ஐந்தில் அதுதான் முதல்.