மாநில பட்ஜெட்டில் உண்மையான முன்னுரிமை எதற்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிக்கும் திட்டத்துக்கெல்லாம் பணம் போகிறதா? அரசு எதற்கு முன்னுரிமை தருகிறது என்பதை எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது?

பட்ஜெட் உரையைக் கடைசியாகப் படியுங்கள். அரசின் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

2025-26 மதிப்பீட்டில் மொத்த வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய். சம்பளத்துக்கு ஏறக்குறைய 90 ஆயிரம் கோடி, ஓய்வூதியத்துக்கு 41 ஆயிரம் கோடி, வட்டிக்கு 70 ஆயிரம் கோடி. இந்த மூன்றுக்கே வருவாயில் நூற்றுக்கு அறுபது போய்விடுகிறது. மானியங்களும் உதவித்தொகைகளும் இன்னொரு 1.53 லட்சம் கோடி. கூட்டிப் பாருங்கள், வருவாயைத் தாண்டிவிட்டது. அலுவலகச் செலவு, பராமரிப்பு, புதுக் கட்டடம் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

மிச்சத்துக்குக் கடன்தான். அந்த ஆண்டு நிதிப் பற்றாக்குறை சுமார் 1.07 லட்சம் கோடி, அதாவது மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம். அதில் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது வருவாய் வரவைத் தாண்டும் அன்றாடச் செலவை, அடைக்கப் போகிறது. சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு 57,231 கோடி. கடன் வாங்கும் 100 ரூபாயில் 39 ரூபாய் அன்றாடச் செலவில் கரைகிறது என்று பொருள். பட்ஜெட்டில் எனக்குக் கவலை தரும் எண் இதுதான். மொத்தக் கடன் எவ்வளவு என்பதைவிட, வாங்கிய கடன் எதுவாக மாறியது என்பது முக்கியம்.

‘மானியம், உதவித்தொகை’ என்று பார்த்ததும் எல்லாம் இலவசம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்துக்குத் தரும் மானியம், ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் தரும் நிதி, ரேஷன் அரிசி, விவசாய மின்சாரம் எல்லாமே அதற்குள்தான் வருகின்றன.

இனி, ஒரு குறிப்பிட்ட திட்டத்தை எப்படிப் பார்ப்பது? நிதித் துறை இணையதளத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்திடம் ஒப்புதல் கேட்கும் ஆவணங்கள்) கிடைக்கும். ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும், அதாவது எண் கொடுத்துப் பிரித்த ஒவ்வொரு செலவு இனத்துக்கும், நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். 2025-26 புத்தகம் என்றால் 2023-24 கணக்கு, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு (ஆண்டின் போக்கைப் பார்த்துத் திருத்திய எண்), 2025-26 பட்ஜெட் மதிப்பீடு. கடைசிப் பத்தியைத்தான் செய்தித்தாள்கள் போடுகின்றன. நீங்கள் முதல் பத்தியைப் பாருங்கள். அதில் இருப்பது செலவான தொகை. இரண்டு ஆண்டு பழைய எண்தான், ஆனால் அது நடந்தது. பட்ஜெட் மதிப்பீடு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போய், திருத்த மதிப்பீட்டில் பாதியாகி, கணக்கில் அதற்கும் கீழே இறங்கியிருந்தால் அந்தத் திட்டம் பெயருக்குத்தான் இருக்கிறது.

தலைப்பு எண்ணின் முதல் இலக்கத்தையும் கவனியுங்கள். 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 என்றால் மூலதனம், 6 அல்லது 7 என்றால் கடனாகக் கொடுத்தது. பொதுக் கல்வி 2202-இல் வரும், பள்ளிக் கட்டடம் 4202-இல் வரும். கல்விக்கு இவ்வளவு கோடி என்ற ஒற்றை எண்ணை வைத்து வகுப்பறை கூடியதா என்று சொல்லவே முடியாது. அதில் மிகப் பெரும் பகுதி சம்பளம்.

தொகைகள் ஆயிரம் ரூபாயில் அச்சாகியிருக்கும். புதுத் திட்டத்துக்கு நேரே வெறும் ‘1’ என்று இருந்தால் அது அச்சுப் பிழை அல்ல, ஒரு கோடியும் அல்ல. தலைப்பைத் திறந்து வைக்க ஒதுக்கிய ஆயிரம் ரூபாய் அடையாளத் தொகை. பின்னால் துணை மதிப்பீட்டில், அதாவது ஆண்டின் நடுவில் கூடுதலாகக் கேட்கும் ஒதுக்கீட்டில், பணம் வந்ததா என்று தேட வேண்டும்.

பயனாளிகளுக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டத்தைச் சரிபார்க்க வகுத்தல் கணக்கு போதும். 2025-26 பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 ரூபாயால் வகுத்தால் 1.15 கோடிப் பேர். அப்போது அரசு சொன்ன பயனாளிகள் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது, ஆகவே அது முழுதாக நிதி ஒதுக்கப்பட்ட திட்டம். வகுத்துப் பார்த்து பாதிப் பேருக்குத்தான் வருகிறது என்றால், ஆண்டின் நடுவில் தொடங்கப்போகிறார்கள் அல்லது பயனாளிகளைக் குறைக்கப்போகிறார்கள்.

ஒதுக்கிய பணம் செலவாகாமல் போவதற்குப் பெரும்பாலும் காலம்தான் காரணம். மானியக் கோரிக்கை நிறைவேறி, அரசாணை வந்து, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று நகர்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். சாலை வேலை ஜனவரியில்தான் சூடுபிடிக்கும். மார்ச் 31-க்குள் பில் கருவூலத்துக்குப் போகாவிட்டால் ஒதுக்கீடு காலாவதி. செலவாகாது என்று தெரிந்த தொகையைத் துறை அதற்கு முன்பே சரண்டர் செய்ய வேண்டும், அதாவது நிதித் துறைக்குத் திருப்பித் தர வேண்டும். மத்திய அரசின் பங்கு வராததும் ஒரு காரணம். 2024-25-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான 2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்காததால், மாநிலம் சொந்த நிதியிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. அப்படி ஈடுகட்டும் பணம் வேறெங்கோ வெட்டப்பட்ட பணம்.

அந்த வெட்டு முதலில் விழும் இடம் பராமரிப்பு. சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது, அறிவித்த உதவித்தொகையைக் குறைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். பள்ளிக் கூரையையோ கால்வாய்க் கரையையோ ஓர் ஆண்டு கவனிக்காவிட்டால் உடனே யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று மழைக்குப் பிறகு அதையே கடன் வாங்கிப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒரு துறை எவ்வளவு பொறுப்பாக நடக்கிறது என்று பார்க்க நான் முதலில் திருப்புவது பராமரிப்புச் செலவு உள்ள பக்கத்தைத்தான்.

உங்கள் ஊருக்கு ஒரு வேலை நடக்க வேண்டுமானால் பட்ஜெட் நாளன்று மனு கொடுப்பதில் பயனில்லை. துறைத் தலைவர்கள் அடுத்த ஆண்டுக்கான எண் பட்டியலையும் (பணியிடங்கள், சம்பள விவரம்), புதுச் செலவுக்கான பகுதி-2 திட்ட முன்மொழிவுகளையும் தயாரிப்பது முந்தைய ஆண்டின் பிற்பகுதியில். செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே மாவட்ட அலுவலர் வழியாகக் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். மதிப்பீட்டுத் தொகை, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். நிலப் பிரச்சினை உள்ள முன்மொழிவை நிதித் துறை திருப்பி அனுப்பினால் அந்த ஆண்டு போனதுதான்.