பாலி மைனாவுக்கு 'பேப்பர்' இருக்கிறதாம்... வாங்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். உடம்பெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலம், தலையில் கொண்டை. 'பாலி மைனா' ஜோடி ஒன்று தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். "ஃபாரின் பறவைக்கு நம்ம சட்டம் கிடையாது, இருந்தாலும் பத்திரம் எழுதித் தர்றேன்" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தாயிற்று என்றால், போனது போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அவர் சொல்வது பழைய கதை. 2022-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சைட்ஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களையும் நான்காம் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பாலி மைனா அதில் கடுமையான முதல் பிரிவு. அதை வளர்த்துக் குஞ்சு எடுப்பவரே தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் உரிமம் வாங்க வேண்டும். 20 ரூபாய் முத்திரைத்தாளும் நோட்டரி சீலும் அதற்கு ஈடாகாது. ஜவ்வாது மலைச் சந்தனக் கட்டைக்கு, விற்றவன் கைப்பட எழுதிய சீட்டைக் காட்டினால் செக்போஸ்ட்டில் விடுவார்களா?

இன்னொரு தந்திரம், சான்றிதழ் ஜெராக்ஸ். ஒரே சான்றிதழை நாலு கூண்டுக்குக் காட்டுவார்கள். என் கிளினிக்குக்கு ஒருவர் கொண்டுவந்த சான்றிதழில் இருந்தது சாம்பல் கிளி. கூண்டில் இருந்தது மக்காவ் என்ற பெரிய வண்ணக்கிளி!

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், இந்தோனேசியாவின் பாலித் தீவைத் தவிர இந்தப் பறவைக்கு வேறு சொந்தக் காடு கிடையாது. பழைய மரப்பொந்தில்தான் முட்டையிடும். தீவின் வடமேற்குக் காட்டைத் தென்னந்தோப்புக்கும் குடியிருப்புக்கும் வெட்டினார்கள். மிஞ்சியதைக் கூண்டு வியாபாரிகள் பிடித்தார்கள். 2001 வாக்கில் காட்டில் இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். காட்டில் விடுவதற்காகத் தேசியப் பூங்காவில் வளர்த்த 39 பறவைகளில் பெரும்பாலானவற்றை 1999-ல் ஆயுதத்தோடு வந்த கும்பல் அள்ளிக்கொண்டு போனது.

'அப்போ எங்க வீட்டு லவ் பேர்ட்ஸ்?' என்று அடுத்து கேட்பீர்கள். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பதில் பெரும்பாலும் பட்ஜி என்ற குட்டிக் கிளிதான். பட்ஜிக்கும், கொண்டை வைத்த காக்டெயில் கிளிக்கும் அரசிடம் பதிவு வேண்டாம். நிஜ லவ் பேர்டில், முகம் மட்டும் ரோஜா நிறமாக உள்ள வகைக்கும் வேண்டாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட ஃபிஷர் வகைக்கு வேண்டும். இரண்டையும் ஒரே கூண்டில் போட்டு, 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று தள்ளிவிடுவார்கள். வளையத்தைப் பார்த்து வாங்குங்கள். ஜாவா குருவிக்கும் பதிவு வேண்டும். நம் பச்சைக்கிளியை வளர்க்கவே கூடாது.

பதிவென்றால், 2024 விதிகளின்படி பறவை கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். ஆங்கிலப் படிவம், அதில் அறிவியல் பெயர் வேறு! மாவுமில் வைத்திருக்கும் ஒருவர் அதை எப்படி நிரப்புவார்? அங்கேதான் 'நான் முடிச்சுத் தர்றேன்' என்று புரோக்கர் நுழைகிறார். சட்டம் போட்டவர்களுக்கு இது தோன்றவே இல்லை போலிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், காசு கொடுக்கும் முன் புரோக்கரிடம் வளர்ப்பாளரின் உரிம நகலைக் கேளுங்கள். அதையும் பறவையின் கால்வளைய எண்ணையும் மாவட்ட வன அலுவலகத்தில் காட்டி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'நம்ம ஆள் அங்கே இருக்கார், போக வேண்டாம்' என்று அவர் தடுத்தால், பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.